அஸோவ் தண்ணீர்

என் கணவர் ரஹ்மத் அதை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஊறுகாய் பாட்டிலில் வெறும் தண்ணீர் இருப்பதாகத்தான் நினைத்தேன். தொட்டியில் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவலாம் என்று எடுத்துப் போனேன். கொட்டாதே, உள்ளே பார் என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீர் மாதிரி எலுமிச்சம்பழ அளவில் ஒன்று மிதந்தது. அதன் உடம்பில் சீப்புப் பல் போல வரிசை வரிசையாக ஏதோ துடித்தபடி இருந்தது. அந்த வரிசைகளில் வெளிச்சம் பட்டதும் பச்சையும் ஊதாவும் ஓடின. அழகாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் அது கரைந்து, பாட்டிலில் கலங்கல் தண்ணீர் மட்டும் மிஞ்சியது.

எங்கள் அன்சலித் துறைமுகத்தில் அப்போது யாருக்கும் அதன் பெயர் தெரியாது. ஜெல்லிமீன் மாதிரி அரிக்காது, கடிக்காது. கையில் எடுத்தால் விரல் இடுக்கில் வழிந்துவிடும். இழுது என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் கில்கா என்று ஒரு மீன் உண்டு. விரல் நீளம், வெள்ளி நிறம். படகிலிருந்து விளக்கை வயரில் கட்டிக் கடலுக்குள் இறக்கினால், கூட்டம் கூட்டமாக வெளிச்சத்தைத் தேடி வரும். அள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான். மனிதர்கள் தின்றதைவிடக் கோழிகள் தின்றது அதிகம். அரைத்துத் தீவனமாக்கும் ஆலைகள் மூன்று எங்கள் ஊரிலேயே இருந்தன. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் உப்புக் கொட்டகையில் கில்கா காயவைக்கும் வேலை செய்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் வெளியூர்ப் பெண்கள் உட்கார மாட்டார்கள். அந்த வாடையில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை.

அந்த வருஷம் விளக்கை இறக்கினால் இழுதுதான் வந்தது. வலையின் கண்ணெல்லாம் கோழை மாதிரி அடைத்துக்கொண்டது. தூக்கும்போது வலை கனத்தது. மேலே வந்தபின் பார்த்தால் ஒன்றுமில்லை. ரஹ்மத்தும் ஆட்களும் குழாய்த் தண்ணீரால் வலையைக் கழுவிவிட்டுத் திரும்பி வருவார்கள். கொட்டகையில் நாங்கள் காலியான தட்டிகளைத் துடைத்து அடுக்கினோம். அடுத்த வாரமும் அதையேதான் செய்தோம்.

ரஹ்மத்தின் அண்ணன் இஸ்கந்தர் எங்கள் மாடியில் இருந்தார். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாமனார் கடலில் இறந்தபோது ரஹ்மத் பள்ளிக்கூடப் பையன். தம்பியைப் படிக்கவைக்க வேண்டும் என்று அத்தான் சரக்குக் கப்பலில் ஏறினார். தம்பி படிக்கவில்லை. கப்பல் சம்பளத்தில் அவனுக்குப் படகு வாங்கிக் கொடுத்தார். ரஷ்ய நதிகள் வழியாக, கால்வாய் தாண்டி, அஸோவ் கடல் வரைக்கும் போய் வருகிற கப்பல் அது. ஒவ்வொரு தடவை வரும்போதும் எனக்குத் துணி, ரஹ்மத்துக்குப் பேட்டரி, தெருப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் என்று ஏதாவது இருக்கும். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டாலே தெரு கூடிவிடும்.

அவர் கரையில் இருந்த ஒரு காலையில்தான் கடல் ஆய்வுக்கூடத்திலிருந்து டாக்டர் மெஹ்ரங்கீஸ் வந்து மீனவர் சங்கத்தில் பேசினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் கீழ் எல்லாரும் ஈரத்தோடு நின்றோம். டாக்டர் குள்ளமான பெண். முழங்கால் வலியோ என்னவோ, மேஜையில் சாய்ந்தபடிதான் பேசினார். கண்ணாடித் தொட்டியில் நாலைந்து இழுது கொண்டுவந்திருந்தார். கில்கா தின்னும் நுண்ணுயிர்களை இதுவும் தின்கிறது, கில்காவின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்கிறது என்றார். ஆண் பெண் எல்லாம் வேண்டாம், ஒன்றே தனியாக ஆயிரக்கணக்கில் முட்டை போடும் என்றார்.

எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்டார்கள். அமெரிக்காக் கரையில் இருந்தது, கப்பலில் கருங்கடலுக்கு வந்தது, அங்கே மீனையெல்லாம் காலி செய்துவிட்டு இப்போது இங்கே என்றார். கப்பலுக்குள் மீன்தொட்டியா வைத்திருக்கிறார்கள் என்று படகுக்காரர் ஸைஃபுல்லா கேட்க, கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. டாக்டரும் சிரித்தார். பிறகு விளக்கினார். சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் நிற்பதற்காக அடிவயிற்றுத் தொட்டிகளில் கடல் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். வந்து சேர்ந்த இடத்தில் சரக்கு ஏற்றுவதற்கு முன் அந்தத் தண்ணீரை வெளியே விடும். கருங்கடலை ஒட்டிய அஸோவில் ஏற்றிய தண்ணீரை இங்கே விட்டால், அதில் இருப்பதும் இங்கே வந்து சேரும்.

நான் அத்தானைப் பார்க்கவில்லை. ரஹ்மத் பார்த்தார். அத்தான் தொட்டியிலிருந்த இழுதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அவர் டாக்டரிடம் போய் ஒன்று மட்டும் கேட்டார். அதைக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

"ஒரு குடம் போதும்," என்றார் டாக்டர். "ஏன் கேக்குறீங்க?"

"நான் அந்த வழியில ஓடுற கப்பல்ல இருக்கேன். வால்வு தொறக்குறது என் வேலை."

டாக்டர் அவரைச் சட்டென்று விட்டுவிடவில்லை. நூற்றுக்கணக்கான கப்பல்கள் அந்தக் கால்வாயில் வருகின்றன, முதலில் வடக்குக் கரையில் எங்காவது இறங்கியிருக்கும், எந்தக் கப்பல் என்று யாராலும் சொல்ல முடியாது, உத்தரவு போடுவது கப்பல் தலைவர், வால்வைத் திறப்பவன் மேல் பழி இல்லை என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"எதுவா வேணா இருக்கலாம்னா என்னுதாவும் இருக்கலாம்," என்றார் அத்தான். நன்றி சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்தார்.

அன்றைக்குச் சுட்ட கத்திரிக்காயைப் பூண்டும் முட்டையும் சேர்த்துச் செய்திருந்தேன். மூன்று பேரும் விரிப்பில் உட்கார்ந்தோம். ரஹ்மத் பாதிச் சோறு தின்றபின் கேட்டார்.

"அண்ணே, நீ எங்க தொறப்ப?"

"துறைமுகத் தடுப்புச்சுவர் தாண்டினதும்."

"நான் விளக்கு எறக்குற எடம் அது."

"தெரியும்."

அவ்வளவுதான். ரஹ்மத் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அத்தானும் சாப்பிட்டார். நான் டீ ஊற்றினேன். இருவரும் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குடித்தார்கள். ஒருவரை ஒருவர் அடித்திருந்தால்கூட நான் நடுவில் புகுந்து ஏதாவது செய்திருப்பேன். இதில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

அதற்குப் பிறகு அத்தான் கப்பலுக்குத் திரும்பவில்லை. கூப்பிட்டு ஆள் வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். ஊருக்குள் விஷயம் பரவியிருந்தது. டீக்கடையில் ஸைஃபுல்லா கேட்டானாம், "என்ன இஸ்கந்தர், எங்களுக்கு இந்தத் தடவை என்ன கொண்டாந்த? சாக்லேட்டா, சனியனா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அத்தானும் கூடச் சிரித்தாராம். அப்புறம் அந்தக் கடைக்குப் போகவில்லை. தெருப் பிள்ளைகள் படிக்கட்டில் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்தார்கள்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று சொல்ல முடியாது. உப்பை எடு, கதவைச் சாத்து, மழை விட்டுவிட்டதா, இந்த மாதிரிப் பேச்சு இருந்தது. அதற்கு மேல் இல்லை. ஒரே வீட்டில் மூன்று பேரும் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு நடமாடுவது போல இருந்தது. கரையில் செத்த கடல்நாய்கள் ஒதுங்கின. அது வேறு நோய், இழுதால் மட்டும் இல்லை என்று டாக்டர் ஊரெல்லாம் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டபின் இரண்டாவது காரணத்தைக் கேட்க யாருக்குப் பொறுமை?

உப்புக் கொட்டகையை மூடினார்கள். மூன்று ஆலைகளில் இரண்டு நின்றன. கில்காப் படகுகளைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. விருப்பப்பட்டவர்கள் கொடுக்கலாம், உடைத்துவிடுவோம் என்றார்கள். ரஹ்மத் கொடுத்துவிட்டார். படகை உடைத்த அன்று நானும் கூடப் போனேன். கரையில் சாய்த்துவைத்து, நெருப்பு ஊதும் குழாயால் அறுத்தார்கள். முதலில் மேல்தளம், பிறகு வயிறு. ரஹ்மத் கையைப் பாக்கெட்டில் விட்டபடி கடைசி வரை நின்றார். ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று அறுக்கிற ஆள் கேட்டான். வேண்டாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டோம். என் கையில் வாடை போய்விட்டதை அன்றைக்குத்தான் கவனித்தேன். என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை.

அந்தக் கோடையில் டாக்டர் மெஹ்ரங்கீஸ் வீட்டுக்கே வந்து ரஹ்மத்தை வேலைக்குக் கூப்பிட்டார். இழுதைத் தின்கிற இன்னொரு பிராணி இருக்கிறது, துருக்கியிலிருந்து விமானத்தில் டிரம்மில் வருகிறது, நம் கடல் தண்ணீரில் அது பிழைக்குமா என்று பார்க்கப்போகிறோம் என்றார். அதற்குத் தீனி வேண்டும். தினமும் கடலில் போய் இழுதை உயிரோடு பிடித்துவர ஆள் வேண்டும்.

"அதைப் பிடிக்கவா என்னைக் கூப்பிடுறீங்க?" என்றார் ரஹ்மத்.

"வேற யாரு இவ்வளவு பிடிச்சிருக்காங்க?" என்றார் டாக்டர்.

ரஹ்மத் ஒப்புக்கொண்டார். வலை போட்டால் இழுது கிழிந்துவிடும். அதனால் சின்னப் படகில் குனிந்து, குவளையால் ஒவ்வொன்றாக முகந்து எடுக்கவேண்டும். அவருடைய படகைத் தின்ற பிராணியை, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல அவர் தூக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

வந்த பிராணிக்கு ஆட்கள் சுருக்குப்பை என்று பெயர் வைத்தார்கள். ரோஜா நிறம், பை மாதிரி உடம்பு, ஒரு முனையில் வாய். முதல் நாள் வேலை முடிந்து வந்த ரஹ்மத் சோற்றுக்கு உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினார். இழுது பக்கத்தில் வந்ததும் பையின் வாய் மெல்லத் திறக்கிறது, தன்னைப்போல இரண்டு மடங்கு பெரிய இழுதைக்கூட அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது, பிறகு வாயை மூடித் தையல் போட்டது போல ஒட்டிக்கொள்கிறது, உள்ளே இழுது துடிப்பது வெளியே தெரிகிறது. பல மாதங்களில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். மாடிப்படியில் அத்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் நம் கடலில் உப்பு குறைவு. சுருக்குப்பை தின்றது, வளர்ந்தது, முட்டையும் போட்டது. முட்டையிலிருந்து குஞ்சுதான் சரியாக வரவில்லை. வந்ததும் நாலைந்து நாளில் செத்தது. இன்னும் பார்க்கவேண்டும், கடலில் விடுவதற்குக் கரையைச் சுற்றியுள்ள ஐந்து நாடுகளும் சம்மதிக்கவேண்டும் என்றார் டாக்டர். கூட்டங்கள் நடந்தன. துறைமுகத்தில் பொறுமை இல்லை. பெட்டியில் மருந்தைப் பூட்டிவைத்துக்கொண்டு நோயாளி சாவதைப் பார்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ரஹ்மத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். விடுமுறை நாளில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அத்தான் கீழே இறங்கி வந்து, தூக்குப் பாத்திரத்தை நான் எடுத்து வருகிறேன் என்றார். இருவரும் கிளம்பினோம். வழியில் பாலத்தின் மேல் நின்றார்.

"தூபா, நான் அவன்கிட்ட ஒண்ணு கேக்கப்போறேன். நீ குறுக்கால பேசக்கூடாது."

"என்னன்னு கேக்கலாமா அத்தான்?"

"கேட்டா நீ பேசுவ."

ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. காற்றுக்குழாய்கள் குமிழ் விடும் சத்தம் மட்டும். அத்தான் முதன்முதலாகச் சுருக்குப்பையைப் பார்த்தார். நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தம்பியிடம் கேட்டார்.

"ஒரு வாளி குடுடா."

ரஹ்மத் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "எதுக்கு?"

"கொண்டுபோய் விடுறேன். யாரு கேட்டாலும் நான் பூட்ட ஒடைச்சேன்னு சொல்லு. என்னைத்தான் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியுமே."

ரஹ்மத் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் வெள்ளை வாளியை எடுத்துத் தொட்டித் தண்ணீரை நிரப்பினார். குவளையால் சுருக்குப்பைகளை ஒவ்வொன்றாக முகந்து வாளிக்குள் விட்டார். பிழைத்திருந்தவற்றில் பாதிக்கு மேல் இருக்கும். கொண்டுவந்த சாப்பாடு மேஜையிலேயே கிடந்தது. நாங்கள் மூவரும் பின்கதவு வழியாகத் தடுப்புச்சுவர்க் கற்களின் மேல் நடந்தோம். வாளியின் பிடியை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். தூறல் இருந்தது. தூண்டில் போடுகிறவர்கள்கூட அன்று இல்லை.

முனைக்குப் போனதும் வாளியை இறக்கினார்கள். கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. கற்களின் ஓரத்தில் இழுது அடர்த்தியாக ஒட்டி மேலும் கீழும் போய்வந்தது. அத்தான் முட்டி போட்டு உட்கார்ந்து வாளியின் விளிம்பில் கையை வைத்தார். சாய்க்கவில்லை.

"இது இழுத எல்லாம் தின்னு முடிச்சதுன்னா, அப்புறம் எதைத் திங்கும்?" என்றார்.

"இது இழுத மட்டுந்தான் திங்கும்னு டாக்டர் சொல்றாங்க. அது தீந்துபோச்சுன்னா இதுவும் செத்துரும்."

"அவங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

"உறுதியாத் தெரிஞ்சா எதுக்குத் தொட்டியில வச்சுப் பாக்குறாங்க?"

அத்தான் வாளிக்குள் பார்த்தார். மழைத்துளி உள்ளே விழுந்து வட்டம் போட்டது.

"வால்வு தொறக்கும்போது நான் என்ன நெனப்பேன் தெரியுமா?" என்றார். "ஒண்ணும் நெனைக்க மாட்டேன். தண்ணி தானேன்னு ஒரு சிகரெட்டு பத்தவச்சுட்டு நிப்பேன்." வாளியின் விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இப்ப நெனைக்கிறேன். நெனச்சுட்டுச் செய்ய எனக்கு வரல," என்றார்.

"அப்ப நான் ஊத்தவா?" என்றார் ரஹ்மத். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அவருடைய குரலில் கோபமோ ஆசையோ எதுவும் இல்லை. கதவைத் திறக்கவா என்பதுபோலக் கேட்டார்.

"வேண்டாம்டா. ஒரு வீட்டுக்கு ஒருத்தன் போதும்."

நான் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஊற்றினால் நல்லதா, கெட்டதா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. மூன்று பேரும் கொஞ்சம் நனைந்தோம். பிறகு இருவரும் வாளியைத் தூக்கினார்கள். திரும்பும் வழியில் கல் வழுக்கியபோது ரஹ்மத் மறு கையால் அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆய்வுக்கூடம் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. தொட்டியில் விட்டபோது சுருக்குப்பைகளில் சில கிழிந்திருந்தன. ஆறிப்போன சோற்றை மூவரும் நின்றபடியே சாப்பிட்டோம்.

மறுநாள் டாக்டர் எண்ணிக்கை குறைந்ததைக் கேட்டார். ரஹ்மத் மறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நானும் ஒரு தடவ அந்தப் பின்கதவு வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கேன்," என்றாராம். அன்றைக்கு வேண்டிய தீனியைப் பிடித்துவர அனுப்பினார்.

இலையுதிர் காலத்தில் கடைசிச் சுருக்குப்பையும் செத்தது. மறுபடி வரவழைக்கலாம் என்றார்கள். ஒரு தடவை வரவழைத்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. நாடுகள் ஐந்தும் ஒரே முடிவுக்கு வரவில்லை. டிரம்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு ரஹ்மத் வேலையை விட்டார். மலையடிவாரத்தில் ஒரு மீன்பண்ணையில் சேர்ந்தார். குளிர்ந்த நல்ல தண்ணீர்த் தொட்டிகள். அங்கே அவருக்குப் பிடிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். மீன் நேரத்துக்குச் சாப்பிடுகிறது என்பார். அத்தான் துறைமுகக் கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். ஸைஃபுல்லாவும் படகை உடைக்கக் கொடுத்துவிட்டு டாக்ஸி ஓட்டினான். மழை நாட்களில் அத்தானை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிடுவான்.

இழுது போகவில்லை. கோடையின் முடிவில் அதிகமாகும், குளிரில் குறையும். கில்காவும் ஒரேயடியாக அழிந்துவிடவில்லை. சில படகுகள் இன்னும் போகின்றன, கொஞ்சம் கொண்டுவருகின்றன. பழைய நாள் மாதிரி இல்லை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. பழைய நாளைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

போன வருஷம் டாக்டர் மெஹ்ரங்கீஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வு பெற்றுவிட்டார், முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. நம் கடலில் சுருக்குப்பையைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள், யாரும் திட்டமிட்டு விட்டதில்லை, எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றார். ரஹ்மத் சரி, சரி என்று கேட்டுக்கொண்டார். முழங்கால் தேவலையா என்று விசாரித்தார். வைத்துவிட்டு, என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பண்ணைக்குக் கிளம்பினார்.

அத்தானுக்கு இப்போது மாடி ஏற முடியாது. கீழே ஜன்னல் ஓரம்தான் படுக்கை. நான் போய்ச் சொன்னேன். காது மந்தம், இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"எந்தக் கப்பலாம்?" என்றார்.

"தெரியாதாம் அத்தான்."

தலையை ஆட்டினார். மீன் கூடியிருக்கிறதா என்று கேட்டார். அதற்குள் எப்படித் தெரியும் என்றேன். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தம்பி இன்றைக்கு எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டார். எப்போதும் போலத்தான் என்றேன். ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்டார். பீன்ஸும் முட்டையும் என்றேன். பூண்டு கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னார்.